ஹவானா: யாரும் காக்காத குன்று

முதல் வாரம்: வணிகக் கப்பல்கள்தானே!

1762 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. கியூபாவின் ஹவானா துறைமுக வாயிலில், மோரோ கோட்டையின் மேல்தளத்தில் நின்ற காவலர்கள் கிழக்கே அடிவானத்தில் பாய்களைப் பார்த்தார்கள். பத்து, இருபது என்று எண்ணத் தொடங்கி, நூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு ஆள் அனுப்பினார்கள்.

ஆளுநர் ஹுவான் தே பிராடோ வந்து பார்த்தார். ஆண்டுதோறும் ஜமைக்காவிலிருந்து சர்க்கரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து திரும்பும் வணிகக் கப்பல்கள் என்று அவருக்குத் தோன்றியது. அவசரப்பட்டுப் படையைத் திரட்டியவர்களைக் கடிந்துகொண்டார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. பெரிய படை எதுவும் கிழக்கிலிருந்து வராது என்பது ஹவானாவில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கியூபாவின் வடகரையை ஒட்டி ஓடும் பழைய பஹாமா கால்வாய் குறுகலானது. இருபுறமும் பவளப்பாறைகளும் மணல்திட்டுகளும். அதற்குள் பெரிய போர்க்கப்பல்களைக் கூட்டமாக ஓட்டி வரப் புத்தியுள்ள தளபதி எவனும் துணிய மாட்டான். தீவின் தென்புறமாகச் சுற்றி, மேற்கு முனையைக் கடந்துதான் வருவான். அதற்குள் செய்தி வந்துவிடும், தயாராகிவிடலாம்.

இங்கிலாந்தும் ஸ்பெயினும் ஜனவரியிலேயே போர் அறிவித்துவிட்டன. ஆனால் அந்த அதிகாரபூர்வச் செய்தியை ஏந்திவந்த ஸ்பானியக் கப்பலை ஆங்கிலேயர் நடுக்கடலிலேயே பிடித்துவிட்டார்கள்.

கிழக்கிலிருந்து வரத் துணிந்த கடற்படைத் தளபதியின் பெயர் ஜார்ஜ் போக்காக். தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இவர் புதியவரல்லர். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1758 ஏப்ரலில் கடலூருக்கு அப்பாலும், ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கு அப்பாலும், அடுத்த ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரிக்கு அருகிலும் பிரெஞ்சுத் தளபதி தே ஆஷேயோடு மூன்று முறை மோதியவர். மூன்றிலும் எதிரிக் கப்பல் எதையும் அவர் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசியில் சோழமண்டலக் கரையை விட்டு விலகிப் போனது பிரெஞ்சுக் கடற்படைதான். அந்த அனுபவத்தோடு கரீபியனுக்கு வந்த போக்காக், எல்ஃபின்ஸ்டன் என்ற கப்பல் தலைவரை முன்னால் அனுப்பிக் கால்வாயின் ஆழத்தை அளக்கச் சொன்னார். பாறைத் திட்டுகளின் ஓரமாகப் படகுகளை வழிகாட்டிகளாக நிறுத்தினார். இரவில் கரையிலும் தீவுத் திட்டிலும் நெருப்பு மூட்டி வழி காட்டினார்கள். ஏறத்தாழ 200 கப்பல்களும் தரை தட்டாமல் வெளியே வந்தன.

அவற்றுள் தரைப்படை மட்டும் சுமார் 12,000 பேர். அதற்குத் தலைவர் அல்பமார்ல் பிரபு, ஜார்ஜ் கெப்பல். அவருடைய தம்பி அகஸ்டஸ் போக்காக்குக்கு அடுத்த கடற்படை அதிகாரி. இன்னொரு தம்பி வில்லியம் தரைப்படைத் தளபதிகளில் ஒருவர். ஹவானா அந்தக் காலத்தில் எவ்வளவு பணம் விளையும் பூமி என்று கணக்குப் போட்டுத்தான் அண்ணன் தம்பி மூவரும் ஒன்றாகப் புறப்பட்டார்களோ என்று பிற்பாடு லண்டனில் பேசிக்கொண்டார்கள் என்றால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அந்தக் கணக்கை மூன்றாம் வாரம் பார்ப்போம்.

இப்போது நகரத்தைப் பார்த்துவிடலாம். பழைய ஹவானாவின் ஆயுதச் சதுக்கத்தில் நின்றால் எதிரே தெரிவது ரியல் ஃபுவேர்சா கோட்டை. 1555இல் ஜாக் தே சோர் என்ற பிரெஞ்சுக் கடற்கொள்ளையன் வந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போன பிறகு, 1558இல் தொடங்கி 1577இல் கட்டி முடித்தது. துறைமுகத்துக்குள் மிகவும் உள்ளே தள்ளி இருப்பதால் எதிரியை வாயிலில் தடுக்க முடியவில்லை. ஆகவே 1589இல் வாயிலின் கிழக்குப் பாறையில் மோரோவையும், எதிர்க்கரையில் புன்டா கோட்டையையும் கட்டத் தொடங்கினார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியப் பொறியாளர் அந்தோனெல்லி. இரு கோட்டைகளுக்கும் நடுவே மரக்கட்டைகள் கோத்த சங்கிலியை இழுத்தால் வாயில் மூடிவிடும். 1674இலிருந்து நகரைச் சுற்றி மதிலும் எழும்பியது. மெக்சிகோ வெள்ளியும் பெரு வெள்ளியும் ஐரோப்பாவுக்குப் புறப்படும் முன் கூடும் துறைமுகம் அல்லவா, செலவைப் பார்க்கவில்லை. நகரச் சின்னத்தில் இன்றும் மூன்று கோட்டைகளும் ஒரு சாவியும் இருக்கின்றன.

அந்தச் சின்னத்தில் இல்லாத ஒன்று உண்டு. மோரோவுக்குத் தெற்கே, துறைமுகத்தின் கிழக்குக் கரை நெடுகிலும் ஓடும் கபானியா குன்று. ஃபுவேர்சாவின் கொத்தளத்திலிருந்து நீரைத் தாண்டிப் பாருங்கள்: குன்றின் உச்சி நகரத்தின் கூரைகளுக்கு மேலே இருக்கிறது. இந்தக் குன்று யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் ஹவானா என்று அந்தோனெல்லியே சொன்னதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். சொன்னாரோ இல்லையோ, கண்ணுள்ள எவருக்கும் அது தெரியும். மாட்ரிடில் அரசர் மூன்றாம் கார்லோஸுக்கும் தெரியும். 1761இல் பிராடோவைப் பதவிக்கு அனுப்பியபோது குன்றுக்கு அரண் கட்டும் வேலையையும் கூடவே கொடுத்து அனுப்பினார். பொறியாளர்களும் வந்தார்கள். அந்தக் கோடையில் மஞ்சள் காய்ச்சலும் வந்தது. தலைமைப் பொறியாளர் இறந்தார், ஆட்கள் விழுந்தார்கள், வேலை நின்றது. பிராடோ அதைத் திரும்பத் தொடங்க அவசரம் காட்டவில்லை. எதிரி கடல்வழியாகத்தானே வருவான்? கடலைப் பார்த்துத்தான் மோரோ இருக்கிறதே!

ஜூன் 7ஆம் தேதி ஆங்கிலேயர் மோரோவின் பக்கமே வரவில்லை. கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, கோஹிமார் கிராமத்துக்கும் பகுரனாவோ ஆற்று முகத்துக்கும் இடையிலுள்ள மணலில் இறங்கினார்கள். கோஹிமாரில் ஒரே ஒரு சின்னக் கோட்டை. பிற்காலத்தில் ஹெமிங்வே தன் மீன்பிடிப் படகை நிறுத்திவைத்தது இந்தக் கிராமத்தில்தான். அந்தக் கோட்டை இன்றும் அங்கே இருக்கிறது. அன்று ஒரு போர்க்கப்பல் திரும்பி நின்று சுட்டதும் கோட்டை அடங்கியது.

நகருக்குள் பிராடோ ஆலோசனைக் குழுவைக் கூட்டினார். குழு இரண்டு முடிவுகளை எடுத்தது.

முதல் முடிவு, எதிரிக் கப்பல்கள் உள்ளே நுழையாமல் தடுக்க வாயிலில் மூன்று போர்க்கப்பல்களை மூழ்கடிப்பது. நெப்துனோ, ஆசியா, எவுரோபா மூன்றும் நீருக்குள் போயின. வாயில் அடைபட்டது. எதிரி உள்ளே வர முடியாது, சரி. ஆனால் உள்ளே நின்ற சொந்தக் கடற்படையும் இனி வெளியே போக முடியாது. அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயினிடம் இருந்த மிகச் சிறந்த கப்பல்கள் அவை. ஒரு குண்டும் சுடாமல் சிறைப்பட்டன.

இரண்டாவது முடிவு கபானியா பற்றியது. குன்றின்மேல் அவசர அவசரமாகப் பீரங்கிகளை இழுத்து ஏற்றினார்கள். இருட்டியதும் புதர்களுக்கு நடுவே சலசலப்பு. யாரோ சுட்டார். பயிற்சியில்லாத ஊர்க்காவல் படையினர் ஒருவரையொருவர் எதிரி என்று நினைத்துச் சுட்டுக்கொண்டார்கள். அந்த ஓர் இரவின் கலவரத்தோடு குழு பயந்துபோனது. பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள் என்று உத்தரவு வந்தது.

ஜூன் 11ஆம் தேதி கார்ல்டன் என்ற கர்னல் தன் ஆட்களோடு குன்றின்மேல் ஏறினார். தடுக்கப் பெரிய படை எதுவும் இல்லை. கீழே ஹவானா முழுதும் திறந்து கிடந்தது.

ஆனால் ஆங்கிலேயரின் பீரங்கிகள் நகரத்தை நோக்கித் திரும்பவில்லை. அல்பமார்ல் பிரபு மோரோவைக் குறிவைத்தார். அந்தக் கோட்டைக்குள் அவருக்காக ஒரு கப்பல்காரன் காத்துக்கொண்டிருந்தான்.

(தொடரும்)

இரண்டாம் வாரம்: பாறைமேல் ஒரு கப்பல்காரன்

குன்று கையில் வந்த அன்றே நகரத்தை அடித்திருந்தால் போர் ஜூனிலேயே முடிந்திருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அல்பமார்ல் புத்தகத்தைப் பார்த்துப் போர் செய்பவர். முதலில் வலுவான கோட்டையை விழுத்த வேண்டும், பிறகு ஊர் தானாக விழும் என்பது அன்றைய ஐரோப்பிய முற்றுகை இலக்கணம். அந்த இலக்கணத்துக்கு அவர் கொடுத்த விலை ஆயிரக்கணக்கான உயிர்கள்.

மோரோவின் பொறுப்பு லூயிஸ் தே வெலாஸ்கோவிடம். ஸ்பெயினின் வடகரையில் நோஹா என்ற ஊரில் 1711இல் பிறந்தவர். ‘ரெய்னா’ என்ற போர்க்கப்பலின் தலைவர். கப்பல்கள்தான் வெளியே போக முடியாதே, கடற்படைக்காரர்களாவது கோட்டைகளைக் காக்கட்டும் என்று குழு அவரை அங்கே அனுப்பியிருந்தது. குழு எடுத்த முடிவுகளில் பயன்பட்டது இது ஒன்றுதான் எனலாம்.

இன்று மோரோவுக்குப் போகிறவர்கள் 1845ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தைப் படம் பிடித்துவிட்டு, கடல் காற்றை வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். போர் நடந்தது தரைப் பக்கம். கோட்டையின் கிழக்கே உயிர்ப்பாறையைக் குடைந்து வெட்டிய அகழி இருக்கிறது. அதன் விளிம்பில் நின்று கீழே பார்த்தால், ஏணி வைத்து ஏறும் யோசனை எவனுக்கும் வராது. அகழியை நிரப்பலாம் என்றால் மண் வேண்டும். சுற்றிலும் பாறைமேல் விரல்கடை அளவுதான் மண்.

அதுதான் ஆங்கிலேயரின் முதல் தொல்லை. பீரங்கிமேடை அமைக்கவும் பதுங்குகுழி வெட்டவும் வழியில்லை. எங்கிருந்தோ மண்ணை மூட்டை மூட்டையாகச் சுமந்து வர வேண்டும், காட்டில் சுள்ளி வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே கரீபியத் தீவுகளில் அடிமைகளை விலைக்கு வாங்கி வந்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது. குடிநீர் பக்கத்தில் இல்லை. நகரத்தின் நிலையும் அப்படித்தான்: மேற்கே சோரேரா ஆற்று முகத்தில் வில்லியம் ஹௌ என்ற கர்னல் இறங்கி, 1592லிருந்து ஊருக்குத் தண்ணீர் தந்த ஸான்ஹா ரியல் கால்வாயை வெட்டிவிட்டார்.

ஜூலை 1. தரைப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கிய அன்றே கடலிலிருந்தும் அடிக்க மூன்று போர்க்கப்பல்கள் பாறைக்கு நெருங்கி வந்தன. கேம்பிரிட்ஜ், டிராகன், மார்ல்பரோ. நான்காவதாக வரவேண்டிய கப்பல் தயங்கிப் பின்தங்கியது. அதன் தலைவர் பிறகு ராணுவ நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. கோட்டை பாறையின் உச்சியில். கப்பல் பீரங்கிகளின் வாயை எவ்வளவு உயர்த்தினாலும் குண்டுகள் சுவரின் அடியில்தான் மோதின. மேலிருந்து வெலாஸ்கோவின் ஆட்களுக்கோ கப்பல் தளம் தட்டில் வைத்ததுபோல் தெரிந்தது. கேம்பிரிட்ஜின் தலைவர் கொல்லப்பட்டார். 42 பேர் செத்து, 140 பேர் காயப்பட்டு, பாய்கள் கிழிந்து மூன்றும் விலகின. கடலிலிருந்து மோரோவை எடுக்க முடியாது என்று அந்தோனெல்லி போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் வெலாஸ்கோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில மணி நேரத்தில் தரைப் பீரங்கிகள் சுவரை நொறுக்கிவிட்டன. இனி இரண்டே நாளில் முடிந்துவிடும் என்று ஆங்கிலேயர் நம்பியபோது அவர்களுடைய பெரிய பீரங்கிமேடை தீப்பிடித்தது. வெயிலில் காய்ந்த சுள்ளிக் கட்டுகள் அல்லவா? நூற்றுக்கணக்கானோர் இரண்டு வாரத்துக்கு மேல் பாடுபட்டுக் கட்டியதைத் தீ கொண்டுபோனது. வெலாஸ்கோவின் ஆட்கள் இரவோடிரவாகச் சுவரை அடைத்து, உடைந்த பீரங்கிகளுக்குப் பதில் நகரத்திலிருந்து படகில் வந்த புதியவற்றை ஏற்றினார்கள். வளைகுடாவின் கழுத்து குறுகலானது. இரவில் ஒரு படகு கடந்துவிடும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் மோரோ உயிர் வாழ்ந்தது.

குன்றுக்கு அப்பால் இன்னொருவர் போர் செய்துகொண்டிருந்தார். குவானபகோவா என்ற சிற்றூரின் அதிகாரி ஹோசே அந்தோனியோ கோமெஸ். ஊரார் ‘பெப்பே அந்தோனியோ’ என்று அழைத்தார்கள். கையில் கிடைத்த அரிவாளும் துப்பாக்கியுமாகக் குடியானவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆங்கிலேயரின் தண்ணீர் எடுக்கப் போகும் ஆட்களையும் காவல் குழுக்களையும் புதரிலிருந்து பாய்ந்து அடித்தார். கியூபாவின் முதல் கெரில்லா என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். சீருடை இல்லாத ஒருவன் பெயர் வாங்குவது சீருடை அணிந்த கர்னல் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. ஆட்களைப் பறித்துக்கொண்டு அவமானப்படுத்தி அனுப்பினார். ஜூலை முடிவதற்குள் பெப்பே அந்தோனியோ இறந்துவிட்டார்.

ஸ்பெயின் எதிர்பார்த்த துணைவனும் இதற்குள் வந்துவிட்டான்: மஞ்சள் காய்ச்சல். கொசுதான் அதைப் பரப்புகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் நூற்றாண்டுக்கு மேல் ஆகும். அதைச் சொன்ன மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே இதே ஹவானாவில் வாழ்ந்தவர். அல்பமார்லின் முகாமில் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: காலையில் மண் சுமந்தவன் மூன்று நாளில் மண்ணுக்குள் போனான். ஜூலை நடுவில் 5,000 படைவீரர்களும் 3,000 மாலுமிகளும் படுக்கையில் கிடந்தார்கள். இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் போதும், எதிரியின் படை தானே கரைந்துவிடும் என்பது வெலாஸ்கோவின் கணக்கு.

ஜூலை 15ஆம் தேதி அவரே காயப்பட்டார். படகில் நகருக்குக் கொண்டுபோனார்கள். காயம் முழுதும் ஆறாமலே 24ஆம் தேதி திரும்பி வந்தார். கூடவே மார்க்கேஸ் கொன்சாலெஸ் என்ற இன்னொரு கடற்படை அதிகாரி. இடையில் 22ஆம் தேதி விடியலில் நகரிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படகுகளில் கடந்து வந்து ஆங்கிலேயரைத் தாக்கிப் பார்த்தார்கள். ஏராளமானவர்களைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள்.

வெலாஸ்கோ திரும்பிவந்தபோது கோட்டைக்குள் ஒரு புது ஒலி கேட்டது. சுவருக்கு அடியில், பாறைக்குள் உளி அடிக்கும் ஒலி.

அகழியைக் கடக்க ஆங்கிலேயர் ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். கடல்நீர் அகழிக்குள் புகாமல் இருக்க, கடலோர முனையில் ஒரு மெல்லிய பாறைவரப்பை வெட்டாமல் விட்டிருந்தார்கள் பழைய கொத்தர்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம், அவ்வளவு குறுகல். அதன் மேல் ஊர்ந்து சென்ற சுரங்கக்காரர்கள் கொத்தளத்தின் அடியில் குடையத் தொடங்கினார்கள்.

வெலாஸ்கோவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நகரத்துக்கு எழுதிக் கேட்டார்: கடைசிவரை நிற்பதா, கோட்டையைக் காலி செய்வதா, சரணடைவதா? ஆணை வேண்டும். பிராடோவின் குழுவிலிருந்து பதில் வந்தது: உங்கள் விருப்பப்படி செய்துகொள்ளுங்கள்.

28ஆம் தேதி வடஅமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து ஆங்கிலேயருக்குப் புதிய படை வந்து இறங்கத் தொடங்கியது. 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகல். பாறைக்குள் வெடிமருந்துப் பீப்பாய்கள் தயார். உளி ஒலி நின்றுவிட்டது. உளி ஒலி கேட்ட நாள்களைவிட, அது நின்ற அந்த நாள் கோட்டைக்குள் இருந்தவர்களை அதிகம் கலக்கியிருக்கும்.

மதியத்துக்குப் பிறகு, திரிக்கு நெருப்பு வைத்தார்கள்.

(தொடரும்)

மூன்றாம் வாரம்: ஊருக்கு ஒரு விலை

வெடித்தது. கொத்தளத்தின் முனை சரிந்து அகழிக்குள் விழுந்தது. புகை விலகியதும் கோட்டைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிளவு சின்னது. கற்குவியல் செங்குத்தாக இருந்தது. இதன்மேல் யார் ஏறிவரப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் நிம்மதி.

ஆங்கிலேயர் ஏறினார்கள். ஒற்றை வரிசையில், கையாலும் காலாலும். மேலே போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் காவல் போதவில்லை. சிலர் ஏறியதும் வழி திறந்தது, பின்னால் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். வெலாஸ்கோ ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஓடி வரும்போதே மார்பில் குண்டு பாய்ந்தது. மார்க்கேஸ் கொன்சாலெஸ் வாளை உருவியபடி கொடியருகே போராடிச் செத்தார். ஒரு மணி நேரத்துக்குள் மோரோ ஆங்கிலேயர் கையில்.

44 நாள்களாக எதிரியாக நின்றவனை என்ன செய்வது? அல்பமார்ல் அவரை நகருக்கே அனுப்பிச் சிகிச்சை பெற வைத்தார். மறுநாள், ஜூலை 31ஆம் தேதி, வெலாஸ்கோ இறந்தார். சான் பிரான்சிஸ்கோ மடத்தில் அடக்கம் நடக்கும்வரை இரு தரப்பும் சுடுவதை நிறுத்தின. ஸ்பெயின் கடற்படையில் எப்போதும் ஒரு கப்பல் வெலாஸ்கோ என்ற பெயரைத் தாங்க வேண்டும் என்று அரசர் ஆணையிட்டார்.

இனிதான் கபானியா குன்றின் முறை வந்தது. ஆகஸ்ட் 11 விடியலில் குன்றின் மேலிருந்தும் மோரோவிலிருந்தும் பீரங்கிகள் நகரத்தின் மேல் திறந்தன. சில மணி நேரத்தில் புன்டா கோட்டை ஊமையானது. பிற்பகலில் ஹவானா வெள்ளைக்கொடி உயர்த்தியது. மோரோ ஆறு வாரத்துக்கு மேல் தாங்கியது. குன்றின் அடியில் நகரம் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை.

சரணாகதிப் பத்திரத்தோடு நகரமும், துறைமுகத்தில் அடைபட்டுக் கிடந்த ஒன்பது பெரிய போர்க்கப்பல்களும், கருவூலமும், கிடங்குகளில் இருந்த சரக்கும் கை மாறின. பங்கு பிரித்த கணக்கு இப்போது. அல்பமார்லுக்கு 1,22,697 பவுன். போக்காக்குக்கும் அதே தொகை. சுட்டெரிக்கும் பாறையில் மண் சுமந்து, காய்ச்சலில் பிழைத்துக் கிடந்த சாதாரணப் படைவீரனுக்கு நான்கு பவுன் சொச்சம். மாலுமிக்கு அதற்கும் குறைவு. சண்டையில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. அக்டோபருக்குள் காய்ச்சல் கொண்டுபோனவர்கள் சுமார் 4,700 பேர். அவர்கள் பங்கு கேட்க வரவில்லை.

புதிய எஜமானர்கள் மாதா கோயில் மணிகளுக்கும் விலை பேசினார்கள். பிடிபட்ட நகரத்தின் மணிகள் பீரங்கிப் படைக்குச் சொந்தம், மீட்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்று கேட்டது படை. ஆயர் மொரெல் தே சாந்தா க்ருஸ் தொகையைக் குறைக்கப் பேரம் பேசினார். தேவாலயம் ஒன்றை ஆங்கிலேயரின் வழிபாட்டுக்கு ஒதுக்கச் சொன்னபோதும் தகராறு. வெலாஸ்கோவைப் புதைத்த சான் பிரான்சிஸ்கோவிலேயே அவர்கள் வழிபட்டார்கள். நவம்பரில் அல்பமார்லின் பொறுமை தீர்ந்தது. படைவீரர்கள் ஆயரின் மாளிகைக்குள் நுழைந்தார்கள். அவர் நாற்காலியை விட்டு எழ மறுத்தார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள்.

ஹவானாப் பெண்களின் கோபமோ ஆங்கிலேயரைவிடத் தங்கள் ஆளுநர்மேல்தான் அதிகம். ஆகஸ்ட் முடிவதற்குள் அவர்கள் அரசருக்கு ஒரு முறையீடு எழுதினார்கள். குன்றைக் கைவிட்டதையும், கப்பல்களை மூழ்கடித்ததையும், ஊர் மக்கள் போராடத் தயாராக இருந்தும் தலைவர்கள் தயங்கியதையும் அது வரிசையாகச் சொன்னது. எழுதியவர் மார்க்கேசா ஹுஸ்திஸ் தே சாந்தா ஆனா என்ற சீமாட்டி என்பது பலர் கருத்து. பிராடோ ஸ்பெயின் திரும்பியதும் விசாரணை காத்திருந்தது. மரண தண்டனை விதித்துப் பிறகு அதைக் குறைத்தார்கள். கோட்டையைக் காக்கப் போராடிய அடிமைகள் சிலருக்கு ஸ்பானிய அரசு விடுதலை கொடுத்தது. ஆனால் அந்தப் பதினோரு மாத ஆங்கிலேய ஆட்சியில் வணிகர்கள் கப்பல் கப்பலாகப் புதிய அடிமைகளைக் கொண்டுவந்து விற்றார்கள். தோட்ட முதலாளிகள் அந்த ருசியை மறக்கவில்லை. கியூபாவின் சர்க்கரைச் சீமான்களின் காலம் அதற்குப் பிறகு வேகம் பிடித்தது.

இதற்கிடையில் பூமியின் மறுபுறத்தில் இன்னொன்று நடந்தது. வெலாஸ்கோ உயிர்விட்ட அதே நாள்களில் மெட்ராஸிலிருந்து ஓர் ஆங்கிலேயப் படை பாய் விரித்தது. தலைவர் வில்லியம் டிரேப்பர், மூன்றாண்டுகளுக்கு முன் பிரெஞ்சு முற்றுகையிலிருந்து மெட்ராஸ் கோட்டையைக் காத்தவர்களுள் ஒருவர். சிப்பாய்களையும் சேர்த்துக்கொண்டு போன அந்தப் படை அக்டோபரில் ஸ்பெயினின் மணிலாவைப் பிடித்தது. ஒரே ஆண்டில் இரண்டு கடல்களிலும் அடி விழுந்தது.

1763 பிப்ரவரி 10ஆம் தேதி பாரிஸில் உடன்படிக்கை. ஹவானா வேண்டுமா? ஃபுளோரிடாவைக் கொடு என்றது இங்கிலாந்து. ஸ்பெயின் கொடுத்தது. அதே காகிதத்தின் இன்னொரு ஷரத்தில்தான் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. ஜூலை 6ஆம் தேதி ஆங்கிலேயர் கப்பலேறினார்கள். ஹவானாவில் மூன்று நாள் கொண்டாட்டம் என்றாலும் மிகையில்லை. புதிய ஆளுநர் ரிக்லா கோமகனோ நேராகக் குன்றின்மேல் ஏறினார்.

அதே ஆண்டு நவம்பரில் வேலை தொடங்கியது. பதினோரு ஆண்டுகள் கட்டி 1774இல் முடித்த சான் கார்லோஸ் தே லா கபானியா சுமார் 700 மீட்டர் நீளம். அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயின் கட்டிய மிகப் பெரிய கோட்டைகளில் ஒன்று. இவ்வளவு செலவான கட்டடம் இங்கிருந்தே தெரிய வேண்டுமே என்று மூன்றாம் கார்லோஸ் மாட்ரிடில் தொலைநோக்கி கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அத்தோடும் நிற்கவில்லை. அத்தாரேஸ் குன்றில் ஒரு கோட்டை, மேற்கே அரோஸ்தெகி குன்றில் எல் பிரின்சிபே. ஊரைப் பார்த்த குன்று ஒன்றுகூட மிச்சமில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

பழைய ஹவானாவிலிருந்து காசா பிளாங்கா போகும் படகில் ஏறினால் சில நிமிடங்களில் குன்றின் அடிவாரம். 1958இல் திறந்த கடலடிச் சுரங்கப்பாதை வழியாக வண்டியிலும் போகலாம். இரவு ஒன்பது மணிக்கு, பதினெட்டாம் நூற்றாண்டுச் சீருடை அணிந்த வீரர்கள் தீப்பந்தத்தோடு கபானியாவின் மதிலில் ஏறிப் பீரங்கி ஒன்றைச் சுடுகிறார்கள். முன்பு நகர மதிலின் கதவுகளை மூடும் நேரத்தை அறிவித்த குண்டு அது. அந்த நகர மதிலை 1863லிருந்து இடித்துவிட்டார்கள், குண்டு மட்டும் தினமும் வெடிக்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மாபெரும் கோட்டையை எந்த அந்நியப் படையும் வந்து முற்றுகையிடவில்லை. சிறையாக இருந்தது, கொலைக்களமாக இருந்தது, 1959 ஜனவரியில் சே குவேரா வந்து அமர்ந்த தலைமையகமாக இருந்தது. எந்தத் தாக்குதலுக்காகக் கட்டினார்களோ அது மட்டும் திரும்ப வரவேயில்லை. போய்விட்ட ஃபுளோரிடாகூட 1783இல் ஸ்பெயினுக்குத் திரும்பி வந்தது.

1555இல் கொள்ளையன் வந்தான், துறைமுகத்துக்குக் கோட்டை. 1762இல் ஆங்கிலேயன் குன்றின்மேல் ஏறினான், குன்றுகளுக்குக் கோட்டை. கடந்த போருக்கான ஏற்பாட்டை ஹவானா ஒவ்வொரு முறையும் கச்சிதமாகச் செய்து முடித்தது. அடுத்த ஆபத்து எப்போதும் வேறு வழியில் வந்தது.

1898 ஜனவரியில் அந்த வழி இன்னும் விசித்திரமாக இருந்தது. ஒரு அந்நியப் போர்க்கப்பல் பட்டப்பகலில், மோரோவையும் கபானியாவையும் தாண்டி, நட்பு முறையில் வருகை என்று சொல்லிக்கொண்டு துறைமுகத்தின் நடுவே வந்து நங்கூரமிட்டது. கோட்டைகள் மரியாதைக் குண்டு முழங்கி வரவேற்றன. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 15, இரவு 9.40. அந்தக் கப்பல் வெடித்தது. செத்தவர்கள் 260க்கும் மேல். வெடித்தது வெளியிலிருந்தா உள்ளிருந்தா என்று யாருக்கும் தெரியாத அந்த இரவு, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக ஹவானாவை ஆண்ட ஸ்பெயினை அந்த ஆண்டோடு வாசலுக்கு வெளியே தள்ளப் போகிறது. கப்பலின் பெயர் ‘மெயின்’. கொடி அமெரிக்காவுடையது.

(அடுத்த வாரம்: விருந்தாளியாக வந்த போர்)